தங்கத்துக்குத் தடவிய கிரீஸ்

வெயில் ஏறும் மாதங்களில் என் மேசைக்கு அடியிலிருந்து கிரீஸ் வாசம் வருகிறது. படகு எஞ்சினுக்குப் போடுகிற, டப்பாவில் கொழகொழவென்று பழுப்பாக இருக்கிற அதே கிரீஸ். பத்திரம் தட்டச்சு செய்து பிழைக்கும் ஒருத்தியின் வீட்டில், திண்டிவனத்தில், கடலுக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரம் தள்ளி, அந்த வாசம் வர ஒரு நியாயமும் இல்லை. ஆனால் வருகிறது. கம்ப்யூட்டரைப் போட்டுக் கொஞ்ச நேரம் ஆனதும், காற்றாடிகள் வேகம் பிடித்ததும், கருப்புப் பெட்டியின் சல்லடை முகத்திலிருந்து கிளம்பி என் முழங்காலைத் தொட்டு மேலே ஏறும். நான் எழுந்து நடப்பேன். உட்கார்ந்த இடத்தில் உட்கார எனக்குத் தெரியாது. சமையலறை வரைக்கும் போவேன், ஒரு வாய் தண்ணீர், திரும்பி வருவேன். வாசம் அங்கேயே இருக்கும். கூடவே என் தம்பியின் விரல்கள்.

என் தம்பி பேசமாட்டான். ஊமை இல்லை, கோபக்காரனும் இல்லை. பேச்சு அவனுக்கு வராது, அவ்வளவுதான். மரக்காணத்துக்குத் தெற்கே கடலோரத்தில் எங்கள் வீடு. நான் படித்து, வேலைக்கு வந்து, திண்டிவனத்தில் தனியாளாகத் தங்கிவிட்டவள். அவன் அங்கேயே இருந்தான். கடலுக்குப் போவான், போகாத நாளில் ஊரார் எஞ்சின்களைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருப்பான். போனில் கூப்பிட்டால் “சாப்டியா” என்பான். சாப்பிட்டேன், நீ சாப்பிட்டாயா என்றால் “ம்” என்பான். அதற்குப் பிறகு போனில் காற்றுதான் இரையும். கடற்கரையில் நிற்கும் ஒருவனுடைய போனில் எவ்வளவு காற்று இருக்கும் என்பது அவனைப் போல ஒரு தம்பி உள்ளவர்களுக்குத்தான் தெரியும். “வெக்கட்டா?” “வையி.” இருபது வருடமாக இதுதான் எங்கள் பாசம்.

ஆனால் கை ஓடினால் அவனுக்கு வாய் ஓடும். வலையில் சிக்கெடுக்கும்போது பார்க்க வேண்டும். கண் வலையில், விரல் வலையில், வாய் மட்டும் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். பார்த்தது, பயந்தது, ஆசைப்பட்டது எல்லாம் வரும். வலையைக் கீழே வைத்தால் கதவு சாத்திவிடும்.

இரண்டு வருடம் முன்பு மீன்பிடித் தடைக்காலத்தில், படகுகள் எல்லாம் மணலில் ஏறிக் கிடந்த நாட்களில், ஒரு மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான். அதில் லாரி ஓட்டும் விளையாட்டு ஒன்று. வெளிநாட்டுச் சாலைகள். இரண்டு பக்கமும் பனி, ஊசியிலை மரங்கள், எங்கேயோ சரக்கை ஏற்றி எங்கேயோ கொண்டுபோய் இறக்க வேண்டும். சுடுவதும் இல்லை, வெட்டுவதும் இல்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தேன். அவன் ஓட்டினான். ஓட்டிக்கொண்டே பேச ஆரம்பித்தான்.

அன்றைக்கு என்னென்ன சொன்னான் என்று எழுதப் போவதில்லை. அவன் கல்யாணமான புதிதில் அழுத ஒரு மத்தியானத்தைச் சொன்னான் என்பது மட்டும் போதும். என் கையில் மல்லாட்டை உரிக்காமலே இருந்தது. முப்பத்தெட்டு வயது ஆளுக்குள் இவ்வளவு பேச்சு இருந்திருக்கிறது, நான் அதன் கரையிலேயே இத்தனை வருடம் நின்றிருக்கிறேன், ஒரு அலைகூட என் காலை நனைத்ததில்லை.

அதற்குப் பிறகு நானும் ஓட்டப் பழகினேன். அவன் வரும்போதெல்லாம் ஒரு சரக்கு அவன், ஒரு சரக்கு நான்.

பிறகு ஒரு நாள் போனில் “சாப்டியா”வுக்கு அடுத்து ஒரு வாக்கியம் வந்தது. “வளைகுடாவுக்குப் போறேன்க்கா. மீன்புடிக்கிற போட்டுல. ரெண்டு வருஷம்.”

காற்று இரைந்தது. நான் நடந்துகொண்டிருந்தேன், வாசலுக்கும் மேசைக்கும். இரண்டு வருடம் அவன் “சாப்டியா” என்று கேட்பான், நான் “சாப்டேன்” என்பேன். அவன் அங்கே காய்ந்துபோவான், நான் இங்கே. அவனுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறையாம், கரையில் இருப்பானாம், தங்குமிடத்தில் இணையம் உண்டாம். மடிக்கணினியை எடுத்துப்போகிறான். அப்படியென்றால் இங்கே என்னிடம் ஒரு கம்ப்யூட்டர் வேண்டும். அந்த விளையாட்டை ஓட்டக்கூடிய, அவன் லாரிக்குப் பின்னால் என் லாரியை விடக்கூடிய ஒன்று. பத்திரம் அடிக்கிற என் பழைய மடிக்கணினியால் அந்தப் பனியைக் காட்ட முடியாது. முயன்று பார்த்தேன், மூச்சிரைத்து நின்றுவிட்டது.

சொன்னேன்.

“ரெண்டு வருஷமும் நிக்காம ஓடணும்,” என்றான். “நடுவுல நின்னா நான் எங்க வந்து பாக்கறது. ரெடிமேட் வாணாம். நாமளே ஒவ்வொண்ணா பாத்து வாங்கி மாட்டணும்.”

நான் படிக்க ஆரம்பித்தேன். பிழையாகிப்போன பத்திர நகல்களின் முதுகில் குறிப்புகள் எழுதினேன். கிழக்கே இன்னார் நிலம், மேற்கே வாய்க்கால் என்று ஒரு பக்கம். மறுபக்கம் மதர்போர்டு, கிராபிக்ஸ் கார்டு, ரேம். படிக்கப் படிக்க எனக்குத் தலை சுற்றியது. மயக்கம் இல்லை, மலைப்பு. விரல்நுனி அளவுக்கு ஒரு சதுரம், அதற்குள் ஒரு ஊரில் உள்ள தெருக்களைவிட அதிகமான தெருக்கள், ஒவ்வொரு தெருமுனையிலும் ஒரு கதவு, ஒரு கண் இமைப்பதற்குள் அத்தனை கதவுகளும் திறந்து மூடுகின்றன. நாங்கள் நான்கு எல்லை எழுதிப் பதிவு செய்கிற நிலத்துக்கெல்லாம் எல்லை இருக்கிறது. இதற்கு எங்கே?

விழுப்புரத்தில் ரயில்வே ஜங்ஷன் பக்கம் ஒரு கடை. நடத்துவது ஐம்பது வயதுக்காரம்மா. கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டுப் பிறகு அதைத் தேடுகிறவர். தம்பியும் நானும் போய் நின்றோம். நான் என் தாள்களை நீட்டினேன். வாங்கிப் பத்திரத்துப் பக்கத்தை முதலில் படித்தார்.

“இது யார் நெலம்ங்க?”

“திருப்புங்க,” என்றேன்.

திருப்பினார். வாசித்தார். என்னைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். “கேம் ஆட்றது யாரு? உங்க பையனா?”

“நாந்தாங்க.”

“ரெண்டு பேருமா?”

“ரெண்டு பேருந்தான்.”

கண்ணாடியை இறக்கி மாட்டினார். அதற்குப் பிறகு அவர் எங்களை வாடிக்கையாளராக நடத்தவில்லை, கூட்டாளியாக நடத்தினார். “எவ்ளோ நாளைக்கு ஓடணும்னு சொல்லுங்க. அதுலர்ந்து ஆரம்பிப்போம்.”

“ரெண்டு வருஷம் நிக்கக்கூடாது. அப்புறம் எவ்ளோ ஓடினாலும் சந்தோஷம்.”

“அப்ப மூணு சாமானுல கஞ்சத்தனம் பண்ணாதீங்க. பவர் சப்ளை, கேபினெட்டு, போர்டு. இதுங்க மூணும் வீடு மாதிரி. ப்ராசசர், கிராபிக்ஸ் எல்லாம் குடித்தனம். நாளைக்கு வேற ஆள் வரலாம், போகலாம். வீடு நல்லா இருக்கணும்.”

எனக்கு அந்தக் கடையின் தரையில் அப்படியே உட்கார வேண்டும்போல இருந்தது. மூன்று மாதம் படித்ததை ஒரு மூச்சில் சொல்லிவிட்டார்.

பவர் சப்ளை இரண்டு எடுத்துவைத்தார். இரண்டும் ஒரே அளவுப் பெட்டி, அட்டையில் ஒரே எண். தம்பி அதுவரை வாயைத் திறக்கவில்லை. இரண்டையும் வெளியே எடுத்தான். வலது கையில் ஒன்று, இடது கையில் ஒன்று. கண்ணை மூடிக்கொண்டான். மீனைக் கையில் தூக்கி எடை சொல்வானே, அந்த நிற்பு. இடது கையை இறக்கினான். வலது கையிலிருந்ததை மேசைமேல் வைத்தான்.

“இது.”

கடைக்காரம்மா சிரித்துவிட்டார். “கனமா இருக்கறதுதான் உள்ள சரக்கு ஒழுங்கா வெச்சிருப்பான். அந்தக் காலத்துல நாங்களும் இப்பிடித்தான் பாப்போம். இதுக்குப் பத்து வருஷம் கியாரண்டி தம்பி.”

தம்பி கடையைச் சுற்றிப் பார்த்தான். சுவர், கூரை, கல்லாப்பெட்டி. “கடை இருக்குமா பத்து வருஷம்?”

“நான் இருப்பேனான்னு கேளு. கடை இருக்கும்.”

போர்டில் ரேம் சொருக நான்கு இடம் இருந்தது. இரண்டில் போடுங்கள், இரண்டைக் காலியாக வையுங்கள், பின்னால் தேவைப்படும் என்றார். வண்ண விளக்கு எரிகிற ரேம் வேண்டுமா என்று கேட்டார். “சீரியல் செட்டு எதுக்குங்க, திருவிழாவா,” என்றான் தம்பி. ஒரு நாளில் அவன் பேசிய இரண்டாவது முழு வாக்கியம் அது. கையில் சாமான் இருந்தது, அதனால்தான்.

ப்ராசசரைக் காட்டியபோது நான் பயந்துபோய்க் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். ஒரு பிஸ்கட்டின் அளவுகூட இல்லை. “இதுதானா எல்லாம்?” என்றேன்.

“இதுதான் எல்லாம். மணலுங்க இது. மணலைத்தான் உருக்கி, சுத்தம் பண்ணி, என்னென்னமோ செஞ்சி…”

“மணலா?” தம்பி திரும்பினான்.

“மணல்தான்.”

அவன் குனிந்து பார்த்தான். காதிலும் செருப்பிலும் சோற்றிலும் தினம் மணலோடு வாழ்கிறவன். நீண்ட நேரம் பார்த்தான். “அப்ப எங்க ஊரு பூரா கம்ப்யூட்டர்தான்,” என்றான். சிரிப்பதற்குச் சொன்னதுதான். ஆனால் குரலில் சிரிப்பு இல்லை. கோவிலில் திரை விலகும்போது முன்வரிசையில் நிற்கிறவன் குரல்.

சண்டை வந்தது கேபினெட்டில்தான், எல்லாவற்றையும் உள்ளே வைத்து மூடுகிற பெட்டியில். கடைக்காரம்மா காட்டியதன் முன்பக்கம் முழுக்கச் சல்லடை. தம்பி விரலை வைத்துத் தடவினான்.

“பூரா ஓட்டை.”

“காத்து போகணும் தம்பி. மூடின டப்பாவுல வெச்சா சூட்டுல சீக்கிரம் கெட்டுப்பூடும்.”

“உப்பு உள்ள பூந்துக்கும்.”

“திண்டிவனத்துல எதுடா உப்பு?” என்றேன் நான்.

“காத்துல இருக்கும். நீ இங்க இருந்து மறந்துட்ட. எங்க எஞ்சின்ல ஒரு நட்டு மூடாம வுட்டா மூணே மாசம், பொடியா கொட்டிப்பூடும்.”

“எஞ்சினுக்கு மட்டும் மூச்சு வாணாமா?” என்றார் கடைக்காரம்மா.

அவன் குனிந்தான். சல்லடையின் முன்னால் வாயை வைத்து ஊதினான். பின்பக்கம் கையை வைத்துக் காற்று வருகிறதா என்று பார்த்தான். மறுபடி ஊதினான். கடையில் இருந்த இரண்டு பேர் வேடிக்கை பார்த்தார்கள். கடைசியில் தலையை ஆட்டினான். அந்தத் தலையாட்டலில் முழுச் சம்மதம் இல்லை என்பதை நான் கவனித்திருக்க வேண்டும்.

திரும்பும்போது பஸ்ஸில் கேபினெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முண்டியம்பாக்கத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஒருவர் ஸ்கேன் படம் இருந்த பெரிய உறையோடு ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு பேரும் மடியில் இருப்பது மடங்காமல், இடிபடாமல், ஒருவருக்கொருவர் முழங்கையை ஒதுக்கிக்கொண்டு விக்கிரவாண்டி தாண்டும்வரை அப்படியே வந்தார்கள். நடத்துநர் வந்து, “ஃபிரிட்ஜுக்குத் தனி டிக்கெட்டு எடுக்கணும்,” என்றார். அவர் மட்டும் சிரித்துக்கொண்டார். ப்ராசசர் என் கைப்பையில் இருந்தது. பையின் வாயைக் கையால் பொத்தியபடி வந்தேன், உயிருள்ள எதையோ கொண்டுவருவதுபோல.

ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில் மாட்டினோம். செவ்வாய்க்கிழமை அவனுக்கு விமானம். அவன் மனைவியும் வந்திருந்தாள், குழம்புக்கு மீன் எடுத்துக்கொண்டு. கணவனுடைய அக்கா என்பதால் என்னை அண்ணி என்பாள். மற்றபடி ஒரு மரியாதையும் தரமாட்டாள்.

“அண்ணி, இத்தினி சாமான் வாங்கி இத ஆக்கறதுக்கு ஒரு கிரைண்டர் வாங்கியிருந்தா மாவாவது ஆட்டலாம்.”

“உன் புருஷன் குரலு கிரைண்டர்ல வராது.”

“வீட்லயே வராதது இதுல வரப்போவுதா?” என்று சொல்லிவிட்டு மீன் கழுவப் போனாள். அதைச் சொல்லும்போது அவள் சிரித்தாளா என்று எனக்கு நினைவில்லை.

மேசைமேல் துணியை விரித்தோம். நான் தாளைப் பார்த்து வாசிக்க, அவன் மாட்டினான். அவன் விரல்கள் தடித்தவை, வெட்டுத் தழும்புகள் நிறைந்தவை, தூண்டில் நரம்பு அறுத்த கோடுகள் உள்ளவை. அந்த விரல்கள் ப்ராசசரை எடுத்து அதன் இடத்தில் இறக்கியபோது நான் மூச்சை நிறுத்தினேன். அழுத்தவில்லை. வைத்தான். அது தானாகப் போய் உட்கார்ந்தது. தொட்டில் குழந்தையைக்கூட இவ்வளவு மெதுவாகக் கிடத்தி நான் பார்த்ததில்லை. மத்தியானம் நான் தயிர் வாங்க முக்குக் கடைக்குப் போனேன். திரும்பி வந்தபோது ரேம் இரண்டும் சொருகியாகிவிட்டிருந்தது. கைகழுவிக்கொண்டிருந்தான்.

எல்லாம் முடிந்தது. ஒயர்களைக் கட்டினான். மின்சாரம் போய் வருகிற ஊர் என்பதால் வாங்கிய யூபிஎஸ்ஸில் செருகினான். “அக்கா, நீ அமுத்து,” என்றான்.

அமுத்தினேன். காற்றாடிகள் சுற்றின. மூன்று காற்றாடிகள், ஒரே நேரத்தில், அரசமரத்தில் காற்று நுழைகிற சத்தம். உடம்பெல்லாம் சிலிர்த்தது. திரையைப் பார்த்தோம்.

கருப்பு.

பார்த்துக்கொண்டே இருந்தோம். கருப்பு. அணைத்துப் போட்டோம், மறுபடி கருப்பு. தம்பியின் முகம் மெல்ல மூடிக்கொண்டது, வலையைக் கீழே வைத்தால் மூடுமே, அப்படி. நான் நடந்தேன். எட்டு அடி போனால் சுவர், திரும்பினால் எட்டு அடியில் அவன். நாளைக்கு ஒரு நாள் இருக்கிறது. நாளை அவன் ஊருக்குப் போய்ப் பெட்டி கட்ட வேண்டும், சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொள்ள வேண்டும். இது இன்றைக்கு எரியவில்லை என்றால் வெள்ளிக்கிழமைகளில் எனக்கு மிஞ்சுவது “சாப்டியா”. நூறு வெள்ளிக்கிழமை, நூறு “சாப்டியா”.

கடைக்காரம்மாவுக்குப் போன் போட்டேன். ஞாயிறு, கடை மூடியிருந்தது, ஆனாலும் எடுத்தார். “போர்டுல ஓரமா சின்ன லைட்டு எரியுதா பாருங்க. என்ன கலரு?”

“மஞ்சள்.”

“அப்ப ரேம்தாங்க. கழட்டித் திரும்பச் சொருகுங்க. சரியா உக்காந்திருக்காது.”

போனை வைத்தேன். தம்பி அசையவில்லை. ரேமைக் கழற்று என்றேன். அவன் எதையோ சொல்ல வந்து நிறுத்தினான். நானே குனிந்தேன், இரண்டு பக்கப் பிடியையும் விலக்கி ரேமை உருவினேன். என் விரல் வழுக்கியது.

அடிவிளிம்பு நெடுகத் தங்கப் பற்கள் இருக்க வேண்டிய இடத்தில், பழுப்பு நிறத்தில், ஒரே சீராக, அழகாக, கிரீஸ்.

முகர்ந்தேன். எங்கள் வீட்டுப் பின்பக்கத்தின் வாசம்.

“இன்னாடா இது.”

சட்டைப்பையிலிருந்து சின்ன டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தான். “நீ தயிர் வாங்கப் போனப்ப தடவினேன். போட்டுல பேட்டரி முனைக்குத் தடவுவோம். தடவுனா உப்பு அண்டாது. அந்தப் பெட்டி பூரா ஓட்டை… நான் இல்லாதப்ப கறை புடிச்சி நின்னுடுச்சின்னா.” அவ்வளவுதான். தரையைப் பார்த்தான்.

அவன் மனைவி உள்ளேயிருந்து வந்து, கையைப் புடவையில் துடைத்தபடி எட்டிப் பார்த்தாள்.

“அது இன்னா, மஞ்சளா பளபளன்னு உள்ள?”

“தங்கம்,” என்றேன். “துரு புடிக்கக்கூடாதுன்னு தங்கத்துல பூசியிருக்கான் கம்பெனிக்காரன்.”

அவள் தம்பியைப் பார்த்தாள். “தங்கத்துக்குக் கிரீஸ் தடவின ஆம்பள ஒலகத்துலயே நீ ஒருத்தன்தான். எங்கழுத்துல இருக்கிற குண்டுமணிக்கும் கொஞ்சம் தடவி வுட்டுப் போ, ரெண்டு வருஷத்துக்குக் கறுக்காம இருக்கும்.”

அவன் சிரித்துவிட்டான். நானும். பேச்சு வராத ஒருவன் அக்காவிடம் சொல்ல நினைத்ததையெல்லாம் ஒரு கோட்டில் தடவியிருக்கிறான். ஒரு திட்டு இல்லை, ஒரு வழிசல் இல்லை. எவ்வளவு பொறுமையாகத் தடவியிருக்கிறான். நான் அந்த வேலையைத்தான் துடைத்து அழிக்க வேண்டும்.

மறுபடி கடைக்காரம்மா. விஷயத்தைச் சொன்னேன். “முப்பது வருஷம் கடை வெச்சிருக்கேங்க,” என்றார். “இது புதுசு. சரி, துணியால துடைங்க, ஸ்பிரிட்டு போட்டுத் துடைங்க, காஞ்சதும் பென்சில் அழிக்கிற ரப்பரால மெதுவா தேய்ங்க. கிரீஸ் போன ரெண்டு ஓட்டையிலயும் திரும்பப் போடாதீங்க. காலியா ரெண்டு வுடச் சொன்னேன் இல்ல, அதுல போடுங்க. கிரீஸ் ஓட்டை ரெண்டையும் அப்புறமா ஸ்பிரிட்டால துடைச்சிடுங்க.”

தம்பி மனைவி மெடிக்கலுக்குப் போய் ஸ்பிரிட் வாங்கிவந்தாள். தம்பி துடைத்தான். நான் என் மேசை இழுப்பறையிலிருந்து வெள்ளை ரப்பரை எடுத்துத் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்கத் தங்கம் வெளியே வந்தது. ஒவ்வொரு பல்லாக. நூல் கனம்கூட இல்லாத பூச்சு. அந்தக் கோடுகள் வழியாகத்தான் பனியும் சாலையும் ஊசியிலை மரங்களும் தம்பியின் குரலும் என் வீட்டுக்குள் வரப்போகின்றன. ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். மூன்று பேரும் பார்த்தோம்.

காலி இடங்களில் சொருகினோம். “இப்ப நீ அமுத்து,” என்றேன்.

அமுத்தினான். அரசமரக் காற்று. கருப்பு. கருப்பு. பிறகு, கருப்பின் நடுவே, வெள்ளை எழுத்துகள்.

அவ்வளவுதான், நான்கு வரி ஆங்கிலம். என்ன போர்டு, எவ்வளவு ரேம். விளம்பரப் பலகை எழுத்துகூட அதைவிட அழகாக இருக்கும். ஆனால் கடையிலிருந்து அட்டைப்பெட்டியில் வந்த உலோகமும் மணலும் தங்கமும் தன்னைத் தானே எண்ணிப் பார்த்து, நான் இவ்வளவு இருக்கிறேன் என்று சொன்னது. நான் கை கூப்பியிருந்தேன் என்று அவன் மனைவி பிறகு சொன்னாள். எனக்குத் தெரியாது.

மென்பொருள்கள் எல்லாம் ஏறி முடிய மாலையாகிவிட்டது. தம்பி விளையாட்டை ஹார்டு டிஸ்க்கில் கொண்டுவந்திருந்தான். சோதித்துப் பார்க்க வேண்டுமே. அவன் தன் மடிக்கணினியோடு முன்னறையில் உட்கார்ந்தான், நான் மேசையில். நடுவில் ஒரு சுவர். இரண்டு பேர் காதிலும் ஹெட்போன். அவன் லாரி முன்னே, என் லாரி பின்னே. பனி பெய்தது. என் புதுத் திரையில் ஒவ்வொரு பூவும் தனித்தனியாக விழுந்தது. வண்டிக் கண்ணாடியில் பட்டு உருகி, துடைப்பான் தள்ளியது. பின்விளக்கின் சிவப்பு ஈரச் சாலையில் நீண்டு கிடந்தது. வெயில் தவிர ஒன்றும் தெரியாத ஊரின் மின்விசிறிக்குக் கீழே எனக்குக் குளிர் எடுத்தது.

முதல் வளைவு வரை அவன் ஒன்றும் பேசவில்லை. இரண்டாவது வளைவில், காதுக்குள், மிகப் பக்கத்தில்:

“அக்கா.”

“சொல்லு.”

“அங்க நாளு கணக்கா கரையே தெரியாதாம். இங்கன்னா எவ்ளோ தூரம் போனாலும், காலைல பார்த்தா கரைல பனைமரம் கோடு மாதிரி தெரியும். அது தெரிஞ்சா போதும் எனக்கு. அது இல்லாம எப்டி இருக்கறதுன்னுதான்…  பிரேக்கு புடி, முன்னால திருப்பம்.”

பிரேக் பிடித்தேன்.

“போவாம இருந்துடலாமான்னு நெனைச்சேன். அவகிட்ட சொல்லல. சொன்னா அழுவா. அழுதா நான் போவ மாட்டேன். போவலன்னா எஞ்சின் வாங்கறது எப்போ.”

சொல்லிக்கொண்டே போனான். கடலைப் பற்றி, பயத்தைப் பற்றி, அவள் வைக்கும் குழம்பின் புளிப்பு அங்கே கிடைக்காது என்பதைப் பற்றி. அவன் சொல்வது எனக்குச் சுவரின் வழியாக மங்கலாகவும், ஹெட்போன் வழியாக மூச்சு வரை தெளிவாகவும், இரண்டு முறை கேட்டது. ஒரு கட்டத்தில் திரும்பிப் பார்த்தேன். இரண்டு அறைக்கும் நடுவில், நிலைப்படியில் சாய்ந்து, அவன் மனைவி நின்றிருந்தாள். கையில் அகப்பை. எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ. அவன் அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான், கண் சாலையில்.

அவள் என் பக்கம் வந்தாள். என் காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றித் தன் காதில் வைத்துக்கொண்டாள். நான் ஓட்டினேன். அவள் கேட்டாள். லாரிகள் ஒரு பாலத்தைக் கடந்தன. கீழே ஆறு உறைந்து கிடந்தது. அவள் கன்னத்தில் திரையின் வெளிச்சம் ஈரமாக ஓடியது.

பிறகு ஹெட்போனை என்னிடம் கொடுத்தாள். கிசுகிசுத்தாள். “இதுல இன்னொண்ணு மாட்ட முடியுமா அண்ணி?”

“முடியும். ரெண்டு பேர் கேக்கலாம்.”

“வாங்கி வையி.” அகப்பையோடு உள்ளே போனாள்.

செவ்வாய்க்கிழமை காலை திண்டிவனத்தில் சென்னை பஸ்ஸுக்கு நின்றோம். ஏர்போர்ட் வரைக்கும் யாரும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டான். ஒரு பெரிய பை, முதுகில் மடிக்கணினிப் பை. கை சும்மா இருந்தது, எனவே வாயும் சும்மா இருந்தது. நான் அவனைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். அவன் மனைவி முறுக்குப் பொட்டலத்தைப் பையில் திணித்தாள், எடுத்தாள், மறுபடி திணித்தாள்.

“நீ அந்த ஸ்பிரிட்ட வெச்சி மத்த ரெண்டு ஓட்டையும் துடைச்சிட்டியா?” என்றான் திடீரென்று.

“இல்ல.”

“துடைக்கணும்னு கடைக்காரம்மா சொல்லிச்சே.”

“அது இருக்கட்டும்,” என்றேன்.

பஸ் வந்தது. அவன் ஏறினான், பையை மேலே வைத்தான், ஜன்னலோரம் உட்கார்ந்தான். நாங்கள் கீழே நின்றோம். பஸ் உறுமியது. அவன் முதுகுப் பையை மடியில் எடுத்து வைத்து, அதன் வாரைச் சரிசெய்ய ஆரம்பித்தான். கொக்கியைக் கழற்றினான், இழுத்தான், மாட்டினான். விரல்கள் ஓடின. தலை நிமிரவில்லை.

“வெள்ளிக்கிழம ரெண்டு பேரும் ஏறி உக்காருங்க,” என்றான் வாரைப் பார்த்துக்கொண்டே. “லோடு ஏத்தி வெச்சிருக்கேன். பேசிக்கினே போலாம்.”